மொரிஸ் மைனர் பின் ஸ்பிரிங், அக்சில் வேலை: கண்ட பிழைகளும் சரிசெய்யும் விதமும்

வெள்ளவத்தையிலிருந்து:

மொரிஸ் மைனர் எண்ட பழைய பிரிட்டிஷ் காருக்குப் பின்பக்கம் புது பிளேட் ஸ்பிரிங் போட்டு ஆறு மாதம் ஆகவில்லை, முன் கண் புஷ் (ஸ்பிரிங்கின்ர முன் முனை வளையத்துக்குள்ளை இருக்கிற றப்பர் உறை) கிழிஞ்சு கிறீச்செண்டு கத்துது எண்டால் சாமானைத் திட்டாதீங்கோ. அநேகமா இறுக்கின நேரம்தான் பிழை. காரைத் தூக்கி வைச்சிருக்கேக்கை அக்சில் தொங்கும், ஸ்பிரிங் முழுசா வளைஞ்சு நிற்கும். அந்த நிலையிலை முன் கண் போல்ட்டை இறுக்கினால் புஷ்ஷின்ர உள்குழாய் அப்படியே பூட்டுப்பட்டுப் போகும். கார் இறங்கினதும் ஸ்பிரிங் நிமிரும், குழாய் திரும்பாது. இடையிலை இருக்கிற றப்பர் முறுகின முறுக்கோடயே கிடக்கும். பிறகு விழுகிற ஒவ்வொரு பள்ளமும் அதை இன்னும் முறுக்கும்.

அதாலை எல்லா நட்டையும் கையாலை மட்டும் இறுக்கி விடுங்கோ. சில்லைப் பூட்டி, இறக்கி, பின்பக்கத்தை நாலைஞ்சு தரம் அமத்தி ஆட்டுங்கோ. கார்ப் பாரம் சில்லிலை நிற்கேக்கைதான் கடைசி இறுக்கம். கீழே கை போகாது எண்டால் பின் சில்லு ரெண்டையும் தடிச்ச பலகையிலை ஏத்துங்கோ.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அண்ணை சொன்னது சரி. சாமான் கணக்கைச் சொல்லிவிடுறன், கொழும்பிலை கார்ச் சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கு ரெண்டு தரம் ஓடத் தேவையில்லை. ஸ்பிரிங் 2, ஸ்பிரிங்கை அக்சிலோட கட்டுற யூ போல்ட் 4, அதுக்கு நட் 8, ஸ்பிரிங்குக்கு மேலும் கீழும் வைக்கிற றப்பர் பட்டை 4, பின் ஷக்கிளுக்கு (ஸ்பிரிங்கின்ர பின் முனையைக் காரோட சேர்க்கிற ஆடுற இணைப்பு) அரைப் புஷ் 8. முன் கண் புஷ் சில ஸ்பிரிங்கிலை அடிச்சே வரும், கடையிலேயே பாருங்கோ. ஸ்பிரிங்கிலை 5 பிளேட் அடுக்கினதும் இருக்கு, 7 பிளேட் அடுக்கினதும் இருக்கு. கழட்டினதை எண்ணிக்கொண்டு போங்கோ, ஒரு பக்கம் மட்டும் மாத்தவும் வேண்டாம், கார் சரியும்.

ஸ்பனர் இஞ்சிக் கணக்கு. 9/16 நட்டுக்கு 14 மில்லிமீற்றர் நுழையாது, 15 போட்டால் மூலை உருண்டுவிடும். பிறகு கிரைண்டர்தான். பழைய யூ போல்ட் எப்படியும் குப்பைக்குப் போறது, அதை வெட்டுறதிலை நட்டம் இல்லை. ஆனால் முன் கண் போல்ட் கறல் பிடிச்சு உள்குழாயோட ஒட்டியிருக்கும். அதுக்கு முதல் நாளே ஒயில் விட்டு ஊற விடவேணும்.

தெஹிவளையிலிருந்து:

கடற்கரைப் பக்கம் நிற்கிற காருக்கு ஸ்பிரிங் வாங்க முதல் ஸ்பிரிங் பூட்டுற இடத்தைப் பாருங்கள். முன் ஹேங்கரை (ஸ்பிரிங்கின் முன் கண்ணைப் பூட்டும் இடம்) சுற்றியுள்ள தகட்டில் ஸ்குரூட்ரைவர் முனையை வைத்து நன்றாக அழுத்துங்கள். பெயின்ட் மினுங்கும், உள்ளே பப்படமாக இருக்கும். குத்தினால் இறங்குகிற தகட்டில் விறைப்பான புது ஸ்பிரிங்கைப் பூட்டினால், அது தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். அழுகியதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்ட் பண்ண வேண்டும். மேலே ஒட்டுத் தகடு வைத்து மூடிவிட்டுப் போகிற வேலை வேலையே இல்லை.

ஸ்டாண்டை அந்த ஹேங்கருக்கு முன்னால், உறுதியான இடத்தில் வையுங்கள். அக்சிலை வேறொரு ஜக்கில் தாங்குங்கள், பிரேக் ஹோஸில் தொங்க விடக்கூடாது. பின்பக்கம் தூக்கினால் ஹேண்ட்பிரேக் பிடிக்காது, முன் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை.

மட்டக்குளியிலிருந்து:

பழைய பிளேட்டைச் சூடாக்கி வளைத்தெடுத்தால் போதாதா?

கொட்டாஞ்சேனையிலிருந்து:

தம்பி, உலையிலை சிவக்க வைச்சு வளைச்சால் அந்த உருக்கின்ர விறைப்புப் போயிடும். திரும்ப ஒயிலிலை முக்கிக் கடினமாக்கி, அளவான சூட்டிலை பதப்படுத்தத் தெரிஞ்ச ஆளெண்டால் செய்யலாம். சும்மா வளைச்சுக் குடுத்தது கொஞ்ச நாளிலை திரும்பவும் சப்பையாகும். கூட ஒரு பிளேட் செருகினால் உயரம் வரும், ஆனால் பின் சீற்றிலை இருக்கிறவையின்ர முதுகு சொல்லும்.

மருதானையிலிருந்து:

ஸ்பிரிங் கழற்றியிருக்கும்போதே அக்சில் வேலையையும் முடிப்பது நல்லது. டிரம்முக்குள் ஈரம் தெரிந்தால் விரலில் தொட்டு மணந்து பாருங்கள். கந்தக வாடையோடு தடிப்பாக இருந்தால் டிஃப் ஒயில் (அக்சிலின் நடுவிலுள்ள கியர்களுக்கான ஒயில்), அதைக் கசியாமல் தடுக்கும் சீல் போய்விட்டது. மெல்லியதாக இருந்து, பெயின்ட்டையும் கரைத்தால் பிரேக் ஒயில். சீல் மாற்ற முதல் அக்சில் மேலே உள்ள பிரீதரை (காற்றுப் போகும் சிறு துளை) துப்பரவாக்குங்கள். அது சேற்றில் அடைபட்டால் உள்ளே சூட்டில் அழுத்தம் கூடி, புதுச் சீலையும் ஒயில் தாண்டும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் அதே கதி. ஈபி 90 கியர் ஒயில் 0.85 லீற்றர் அளவில் பிடிக்கும். கார் சமதரையில் நிற்க, நிரப்பும் துவாரத்தின் விளிம்புக்கு வந்ததும் நிறுத்துங்கள்.

ஹாஃப் ஷாஃப்ட் (அக்சிலுக்குள் சில்லைச் சுழற்றும் தண்டு) இழுக்கும் பக்கத்தை உயர்த்தினால் ஒயில் மறுபக்கம் ஓடி நிற்கும். ஹப் நட்டைத் தட்ட முதல் மரையைப் பாருங்கள். இடப்பக்கம் எதிர்மரையாக இருக்கலாம், தெரியாமல் ஸ்பனரில் நீளக் குழாய் போட்டுத் திருப்பினால் இன்னும் இறுக்குவீர்கள். புது பெயரிங் அடித்தபின், காகிதக் கஸ்கெட்டை வைத்துப் பார்த்தால் ஸ்பேசர் (பெயரிங்குக்கும் ஷாஃப்ட் விளிம்புக்கும் இடையிலுள்ள வளையம்) அதைத் தாண்டி ஓர் இஞ்சியின் ஆயிரத்தில் 1 முதல் 4 வரை வெளியே நிற்க வேண்டும். உள்ளே தாழ்ந்திருந்தால் ஷாஃப்ட் விளிம்பு பெயரிங்கை நெரிக்காது, பெயரிங் ஹப்புக்குள் சுழன்று ஹப்பைத் தின்னும்.

பழைய அக்சில் முழுதாக வாங்குபவர்கள் கியர் விகிதத்தை எண்ணிப் பாருங்கள். 948 சிசி மைனருக்கு 4.55, 1962க்குப் பிறகு வந்த 1098க்கு 4.22. ஒரு சில்லு அசையாமல் நிற்க, மற்றதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். புரொப் ஷாஃப்ட்டில் (கியர்பொக்ஸிலிருந்து அக்சிலுக்கு வரும் தண்டு) சோக்கட்டியால் இட்ட கோடு நாலரைச் சுற்றைக் கொஞ்சம் தாண்டினால் 4.55, நாலேகாலுக்குக் கிட்ட நின்றால் 4.22.

வெள்ளவத்தையிலிருந்து:

ஒண்டு விட்டுப்போச்சு. ஸ்பிரிங் நடுப்போல்ட்டின்ர தலை அக்சில் பக்கத்துத் துவாரத்திலை விழுந்து உட்கார்ந்திருக்கோ எண்டு யூ போல்ட் இறுக்க முதல் பாருங்கோ. இல்லாட்டி அக்சில் கோணலா நிற்கும். முடிஞ்ச பிறகு முன் சில்லை நேராக்கி, ரெண்டு பக்கமும் முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடு மட்டும் நாடாவாலை அளவுங்கோ. 86 இஞ்சி வரவேணும், முக்கியமா ரெண்டு பக்கமும் ஒத்துப்போக வேணும். 200, 300 கிலோமீற்றர் ஓடின பிறகு யூ போல்ட் நட்டை திரும்ப ஒருக்கா இறுக்குங்கோ, புது றப்பர் பட்டை அமிஞ்சிருக்கும்.