சம்பளம் வாங்காமல் அமைப்பை நடத்தியவர்கள்: நீங்கள் பார்த்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

கணக்கு எழுதப் பழகியவர்

ஐ.நா. சபை 2026-ஐத் தன்னார்வலர்களுக்கான ஆண்டாக அறிவித்திருக்கிறது. டிசம்பர் 5 தன்னார்வலர் நாள் என்று 1985-லேயே முடிவு செய்துவிட்டார்கள். இப்படி ஓர் ஆண்டு வந்தால் மேடையில் பெரிய அமைப்புகளின் பெயர்கள்தான் ஒலிக்கும். எனக்குச் சின்ன அமைப்புகளைப் பற்றிப் பேச வேண்டும். சொந்த அலுவலகம் கிடையாது, சம்பளத்துக்கு ஒரு ஆள்கூடக் கிடையாது. அவரவர் வேலையை முடித்துவிட்டு, ஒரு பகுதியின் நன்மைக்காக மாலையிலும் விடுமுறை நாளிலும் கூடுகிற சில பேர், அவ்வளவுதான். அப்படி ஓர் இடத்தில் நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவரைப் பற்றி எழுதுங்கள். அவர் வேலையை எப்படிச் செய்தார் என்பது தெரிய வேண்டும். நானே தொடங்கி வைக்கிறேன். அடுத்தடுத்து எழுதுகிறவர்களும் என்னைப் போலவே பெயருக்குப் பதிலாகத் தாங்கள் யார் என்பதை மேலே ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

நான் சேர்ந்தபோது பொருளாளராக ஓர் அக்கா இருந்தார். ரசீது போடாமல் அவர் பணத்தைத் தொடமாட்டார். கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில் யாராவது ஒரு நோட்டை நீட்டி, "ரசீதெல்லாம் எதுக்குக்கா, வச்சுக்குங்க" என்பார்கள். அக்கா பணத்தை மேசைமேல் வைக்கச் சொல்லிவிட்டு ரசீதுப் புத்தகத்தை எடுப்பார். கார்பன் தாளை நேராகச் செருகி, பெயர் எழுதி, தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுவார். அதற்குக் கீழே "எதற்காக" என்று அவரே கோடு போட்டுச் சேர்த்த ஒரு வரி இருக்கும். அந்த வரியைக் காலியாக விடவே மாட்டார். பொதுச் செலவுக்கா, பிள்ளைகளின் புத்தகத்துக்கா என்பதைக் கொடுப்பவர் தன் வாயால் சொல்ல வேண்டும்.

அந்த வரி எதற்கு என்பது ஒரு மழைக்காலத்தில் எனக்குப் புரிந்தது. கூடும் அறையின் கூரை ஒழுகியது. பொதுக் கணக்கில் பணம் இல்லை, புத்தகத்துக்கு என்று ஒருவர் கொடுத்தது மட்டும் இருந்தது. "இப்போ எடுத்துக்கலாம், அப்புறம் போட்டுடலாம்" என்று குழுவில் ஒருவர் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அக்கா அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும், பணம் கொடுத்தவருக்கு ஃபோன் போட்டார். "நீங்க கொடுத்ததுல பாதியைக் கூரைக்கு எடுத்துக்கலாமா? வேண்டாம்னாலும் ஒண்ணும் இல்ல, வேற வழி பாத்துக்குறோம்." அவர் உடனே சரி என்றார். அக்கா அதோடு விடவில்லை. அதையே எழுத்தில் வாங்கி, தேதி போட்டுக் கோப்பில் வைத்த பிறகுதான் கூரைக்கு ஆள் வந்தது. ஒன்றைச் சொல்லி வாங்கிய பணத்தை இன்னொன்றுக்குச் செலவிடக் கூடாது என்பது பல நாடுகளில் அறக்கட்டளைச் சட்டத்தின் அடிப்படை. அக்கா சட்டம் பேசியதே இல்லை. அவருக்கு அது நாணயம் சம்பந்தப்பட்ட விஷயம்.

காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும், போடுகிற இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது என்பதும் அவர் கொண்டுவந்ததுதான். இது சந்தேகப்படுவது போல ஆகாதா என்று கேட்டேன். "நல்லவங்களைக் காப்பாத்தத்தான் ரெண்டாவது கையெழுத்து. நாளைக்கு யாராவது கேட்டா உன்கிட்ட பதில் இருக்கணும்ல?" என்றார்.

வீடு வீடாகப் போனவர்

எங்கள் அண்ணன் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பழைய கணினிகள் சில இலவசமாகக் கிடைக்கும் என்றதும் நாங்கள் எல்லோரும் பயிற்சி மையம் தொடங்கத் துடித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார்: "யாருகிட்ட கேட்டீங்க?"

யாரிடமும் கேட்கவில்லை. அதனால் வீடு வீடாகப் போனோம். கையில் விண்ணப்பம் எதுவும் இல்லை, இரண்டே கேள்விகள். இங்கே உங்களுக்கு எது சிரமமாக இருக்கிறது? உங்களுக்கு என்ன செய்யத் தெரியும்? இரண்டாவதுதான் முக்கியம் என்பார் அண்ணன். ஒரு பகுதியில் என்ன இல்லை என்று பட்டியல் போடுவதற்கு முன்னால், அங்கிருப்பவர்களிடம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சமுதாய வளர்ச்சி வேலையில் இந்தப் பார்வையை 1990-களில் பரவலாக்கியவர்கள் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜான் கிரெட்ஸ்மனும் ஜான் மெக்நைட்டும். அண்ணன் அவர்களைப் படித்திருந்தார்.

ஒரு வீட்டில் ஓர் அம்மா, "எனக்கு என்னப்பா தெரியும், ஒண்ணும் தெரியாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். அண்ணன் நகரவில்லை. மூலையில் பழைய துணி போட்டு மூடியிருந்த ஒன்றைக் காட்டி, "அந்த மெஷின் யாரோடதும்மா?" என்று கேட்டார். அந்த அம்மாவின் முகமே மாறிவிட்டது. எழுந்து போய்த் துணியை விலக்கி, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். பிற்பாடு எங்கள் தையல் வகுப்பை நடத்தியவர் அவர்தான். கணினிகள் வெகுநாள் கழித்துத்தான் வந்தன. பெரும்பாலான வீடுகளில் சொன்ன சிரமம் வேறு: பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், பெற்றோர் வீடு திரும்பும்வரை தனியாக இருக்கிறார்கள். அதனால் முதலில் தொடங்கியது மாலை நேரப் பிள்ளைகள் அறை.

அண்ணனிடம் ஒரு தாள் இருக்கும். 1969-இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் உள்ள ஏணியாக வரைந்து காட்டினார். கீழ்ப்படியில் பெயருக்கு மக்களைக் கூட்டி வைப்பது, நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, உச்சியில் முடிவெடுக்கும் அதிகாரமே மக்களிடம் இருப்பது. அந்த ஏணியைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு, "நாம இப்போ எந்தப் படியில நிக்கிறோம்?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார். நாங்கள் நிற்பது நான்காவது படி, அதாவது கருத்துக் கேட்பதோடு சரி என்பதை ஒப்புக்கொள்ளப் பலருக்கு மனம் வரவில்லை. கடைசியில் அந்தப் பகுதிக்காரர்கள் இருவர் வாக்குரிமையோடு நிர்வாகக் குழுவுக்குள் வந்தார்கள். அதற்கு அப்புறம் எங்கள் கூட்டங்கள் நீளமாகின, முடிவுகள் நன்றாக இருந்தன.

மாலை அறையில் உதவி செய்தவர்

மேலே சொன்னது போலவே ஒரு பிள்ளைகள் அறைதான் எங்களுடையதும். தினமும் அதைத் திறப்பவர் ஓர் ஐயா. திடீரென்று அவர் மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. சாவி எங்கே, மின்கட்டணம் யார் பெயரில், மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல் என்ன, எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் வாசலில் நின்றார்கள்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் ஐயா ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னார். அவர் படுத்தபடி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எந்த சுவிட்சை முதலில் போட வேண்டும், எந்தக் குழாயை இறுக்கி மூடக் கூடாது. எந்தப் பிள்ளையைப் பாட்டி வந்தால் மட்டும்தான் அனுப்ப வேண்டும், வேறு யார் வந்து கேட்டாலும் அனுப்பக் கூடாது. இந்தக் கடைசி விஷயம் அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. இப்போது யார் பொறுப்புக்கு வந்தாலும் முதலில் அந்த நோட்டைத்தான் படிக்கிறார்கள்.

நடுவில் விலகியிருந்தவர்

பகலில் வேலை, இரவில் அமைப்பின் வேலை என்று ஓடி, ஒரு கட்டத்தில் ஃபோன் மணி அடித்தாலே நெஞ்சு படபடத்தது எனக்கு. வேலைச் சோர்வைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த விளக்கம் தொழில் சார்ந்த சூழலுக்கு மட்டும்தான் பொருந்தும் என்கிறது. சம்பளம் இல்லாத வேலையிலும் அதே சோர்வு வரும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இங்கே இன்னொரு பாரமும் உண்டு. விலகுகிறேன் என்று சொல்வதற்கே குற்ற உணர்ச்சி தடுக்கும்.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் அக்கா அதை நான் சொல்லாமலே கண்டுபிடித்தார். "மூணு மாசம் வராதே. உன் பேரு பட்டியல்ல அப்படியே இருக்கும். உன் வேலையை யார் யார் பாக்குறாங்கன்னு இதோ எழுதியிருக்கேன், பாத்துக்கோ" என்று ஒரு தாளைக் கொடுத்தார். சும்மா ஓய்வு எடு என்று சொல்லியிருந்தால் எடுத்திருக்கமாட்டேன். அந்தத் தாளில் நான்கு பெயர்கள் இருந்ததால்தான் அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அந்த மூன்று மாதத்தில் அக்கா ஒரு தடவைகூட வேலை விஷயமாகக் கூப்பிடவில்லை.

முன்னாள் செயலாளர்

நான் முதலில் இருந்த ஓர் அமைப்பு, தொடங்கியவர் நாற்காலியை விடாததால் கரைந்து போனது. புதிதாக வந்த இளைஞர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அடுத்த இடத்தில் வேறு மாதிரி ஒருவரைப் பார்த்தேன். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதே பொறுப்பில் இருக்கக் கூடாது என்று தொடங்கும்போதே விதியில் எழுதி வைத்திருந்தார். தன் முறை வந்ததும் விலகினார். அதன் பிறகும் கூட்டத்துக்கு வருவார், கடைசி வரிசையில் உட்காருவார். பழைய ஆட்கள் பழக்கதோஷத்தில் அவரைத் திரும்பிப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்பார்கள். "செயலாளர் அங்க இருக்காங்க, அவங்களைக் கேளுங்க" என்பார். நான்தான் அந்தப் புதுச் செயலாளர். என் முடிவுகளில் சில அவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தனியாகச் சந்தித்துச் சொன்னாரே தவிர, கூட்டத்தில் ஒருநாளும் குறுக்கே பேசவில்லை.

உதவி கேட்டுப் போனவர்

இங்கே எழுதியவர்கள் எல்லோரும் கொடுக்கும் பக்கத்தில் இருந்தவர்கள். நான் வாங்கப் போனவள். ஒரு விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல் போனேன். எனக்கு எழுதித் தர உட்கார்ந்த தம்பி பேனாவை என் கையில் கொடுத்து, "நீங்க எழுதுங்கக்கா, நான் பக்கத்துல இருக்கேன்" என்றார். நேரம் பிடித்தது. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படுத்தவே இல்லை.

அதற்கு முன்பும் நான் அக்கம்பக்கத்தில் உதவிக்கொண்டுதான் இருந்தேன். பிரசவமான வீட்டில் துணைக்கு இருப்பேன், முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். உலகத்தில் நடக்கும் தன்னார்வ வேலையில் ஏறத்தாழ 70 சதவீதம் எந்த அமைப்பின் வழியாகவும் நடப்பதில்லை என்று ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தின் 2018 அறிக்கை சொல்கிறது என்று அந்தத் தம்பிதான் பிற்பாடு சொன்னார். "நீங்க ஏற்கெனவே இதைச் செய்றவங்கதான்கா. இங்க வந்து செஞ்சா இன்னும் நாலு பேருக்கு ஆகும்" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது.

இப்போது சனிக்கிழமைகளில் விண்ணப்ப மேசை என் பொறுப்பு. பேனாவை அவர்கள் கையில்தான் கொடுக்கிறேன். எழுதி முடித்தவர்களிடம், அடுத்த வாரம் நேரம் இருந்தால் வந்து இன்னொருவருக்குப் பக்கத்தில் உட்கார முடியுமா என்று கேட்கிறேன். பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். வருகிறவர்களும் இருக்கிறார்கள்.