மாணவியர் விடுதியின் தீப் பாதுகாப்பு: விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் கடற்கரையோரக் கல்லூரி ஒன்றில் படிக்கும் என் மகள், மூன்று மாடி வீடொன்றை மாற்றியமைத்த தனியார் விடுதியில் தங்கியிருக்கிறாள். சென்ற ஞாயிறன்று அங்கே நான் கண்டவை என்னைத் தூங்கவிடவில்லை. உப்புக்காற்றில் பிளக் பாயிண்டின் பித்தளைப் பகுதி பச்சை பூத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் கருகியிருந்தது; அதிலிருந்து இழுத்த ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் இண்டக்‌ஷன் அடுப்பும் அயர்ன் பாக்ஸும் ஓடுகின்றன. இப்படி அரித்துப்போன இணைப்பில் மின்தடை கூடிச் சூடேறுவதால், எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழாமலேயே தீப்பிடிக்கக்கூடும். தீயணைப்பானின் அழுத்தம் காட்டும் முள்ளோ, அழுத்தம் சரியில்லை எனக் காட்டும் சிவப்புப் பகுதியில் நிற்கிறது.

ஜன்னல்களுக்கெல்லாம் திறக்க முடியாத கம்பி. பின்வாசல் இரவு 9 மணிக்குப் பூட்டப்பட்டு, சாவி காவலரிடம் போய்விடுகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று நம் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றித் தீயில் 28 பேர் மாண்டதை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டோம். ஆகவே பூட்டைப் பற்றியே முதலில் கேட்கிறேன்: உள்ளிருந்து சாவியின்றித் திறக்கவும், வெளியாள் நுழையாதபடி தடுக்கவும் கூடிய பூட்டை விடுதிக்குப் பொருத்தியவர்கள் இருந்தால், அதன் வகையையும் செலவையும் தெரிவியுங்கள்.

கடலோரக் கட்டடங்களின் வயரிங்கைச் சோதிக்கும் நம்பகமான எலக்ட்ரீஷியன் எவரையேனும் அறிவீர்களா? தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து விடுதியில் ஒத்திகை நடத்தியவர்கள், மனுவை யாருக்கு எப்படி எழுதினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். விடுதிக் காப்பாளர் அம்மா நல்லவர். அவரைப் பகைக்காமல், பிள்ளைகள் அனைவருக்குமாகப் பேசவே விரும்புகிறேன்.