தாழ்ச்சி (மனப்பணிவு) வளர்வதை எதைக்கொண்டு அறிவது?

காரைக்குடியான்:
எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலுக்குப் புதிய பெஞ்சுகள் செய்து கொடுத்த ஒருவர், ‘உபயம்’ என்று தம் பெயரை எழுத வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார். திருவிழா விருந்திலும் கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார். விருந்துக்கு அழைக்கப்பட்டால் கடைசி இடத்தில் போய் அமருங்கள் என்று லூக்கா 14ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வதும் இதைத்தான். உள்ளத்தில் தாழ்ச்சி பிறக்கட்டும் என்று காத்திருந்தால் அது பிறக்காது. இத்தகைய செயல்களைப் பழகப் பழகத்தான் வளரும் என்பது என் கருத்து.

தேவகோட்டை மருமகள்:
ஐயா, அவருடைய நல்ல மனத்தை நான் ஐயப்படவில்லை. ஆனால், கடைசிப் பந்தியைத் தாழ்ச்சியின் அடையாளமாக்குவதை என்னால் ஏற்க முடியாது. எங்கள் வீடுகளில் ஆண்களுக்கும் விருந்தாளிகளுக்கும் பரிமாறி முடித்துவிட்டு, ஆறிப்போன குழம்போடு கடைசியில் சாப்பிடுகிறவர்கள் பெண்கள்தாம். அதை எவரும் தாழ்ச்சி என்று போற்றியதில்லை. வசதியுள்ளவர் செய்தால் புண்ணியம், வேறு வழியில்லாதவர் செய்தால் வழக்கம் என்றால், நாம் பாராட்டுவது தாழ்ச்சியையா, அந்தஸ்தையா?

நாமாகத் தேடிக்கொள்ளாத தாழ்வு வரும்போது மனம் என்ன செய்கிறது என்பதே என் அளவுகோல். எங்கள் பாடகர் குழுவில் பல ஆண்டுகள் பதிலுரைப் பாடல் (வழிபாட்டில் வாசகத்துக்குப் பின் பாடும் பாடல்) பாடிவந்த ஓர் அக்காவிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், அந்தப் பொறுப்பு ஒரு கல்லூரி மாணவிக்குக் கொடுக்கப்பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாணவிக்குக் கை நடுங்கியபோது, அக்கா அருகில் நின்று புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, எந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.

பள்ளத்தூர் ஆசிரியர்:
சகோதரி சொல்வதற்கு மரபிலும் ஆதாரம் உண்டு. புனித பெனடிக்ட் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குநூலின் 7ஆம் அதிகாரத்தில் தாழ்ச்சிக்கு 12 படிகள் வகுத்தார். முதற்படி இறையச்சம், தலைகுனிந்து நடக்கும் புறத்தோற்றம் 12ஆம் படியில்தான் வருகிறது. அநீதி நேரும்போதும் பொறுமையைக் கைவிடாமல் இருப்பது 4ஆம் படி. இது தாமாக விரும்பித் துறவு பூண்டவர்களுக்கு எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்டவரின் வாயை அடைப்பதற்கு இதை எடுத்துக்காட்டுவது பெரும் தவறு.

காரைக்குடியான்:
ஆசிரியர் ஐயா, புறச்செயலை இவ்வளவு பின்னுக்குத் தள்ளினால் நம் பக்கத்து ஓரியூர்ப் புனிதர் அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) எப்படிப் புரிந்துகொள்வது? 1647இல் லிஸ்பனில் உயர்குடியில் பிறந்து அரசவையில் வளர்ந்த அவர், இங்கு வந்து உடையையும் உணவையும் மாற்றிக்கொண்டு பண்டாரசாமியாக, அதாவது தமிழ்த் துறவி போல, வாழ்ந்தார். 1687இல் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டபோது, போர்த்துகல் மன்னர் தம்முடன் இருத்திக்கொள்ள விரும்பியும், மீண்டும் இங்கேயே வந்து 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டு உயிர் நீத்தார். அவருடைய தாழ்ச்சியை மக்கள் கண்ணால் கண்டார்கள் அல்லவா?

தேவகோட்டை மருமகள்:
கண்டார்கள், ஆனால், அவர் தம்மை மட்டம்தட்டிக்கொண்டு வாழவில்லையே. தமிழைக் கற்று, தம் நம்பிக்கையை அஞ்சாமல் அறிவித்தார். யோவான் 13ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள்: தந்தை அனைத்தையும் தம் கையில் ஒப்படைத்திருப்பதை அறிந்தே இயேசு பந்தியிலிருந்து எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலடிகளைக் கழுவினார். தம் மதிப்பை அறிந்தவரே அப்படிக் குனிய முடியும். ‘நான் ஒன்றுக்கும் உதவாதவள்’ என்று எங்கள் பெண்கள் கோவிலில் வாசகம் வாசிக்கவும் மறுப்பதை நான் தாழ்ச்சியாகக் கருதமாட்டேன்; அவர்களுக்கு வேண்டியது துணிவு. என் காலடிகளை நீர் கழுவவே கூடாது என்று பேதுரு தடுத்ததையும் நினைத்துப் பாருங்கள். பிறர் செய்யும் பணிவிடையை ஏற்றுக்கொள்ளவும் தாழ்ச்சி வேண்டும்.

காரைக்குடியான்:
பழக்கத்தால் தாழ்ச்சி வளரும் என்பதில் நான் மாறவில்லை, சகோதரி. யார் பழக வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். அடுத்த திருவிழாவில் பெண்களை முதற்பந்தியில் உட்காரவைத்து, பங்குப்பேரவை உறுப்பினர்களாகிய நாங்கள் பரிமாறி, கடைசியில் எச்சில் இலையையும் எடுக்க வேண்டும் என்று வரும் கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.

தேவகோட்டை மருமகள்:
கேளுங்கள், ஐயா. சமைப்பதும் யார் என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள்.