பஸ்பார், டெர்மினல் பிளாக்: பொதுப்பட்டை, முனைவரிசை என்று வைக்கலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மின்பெட்டிக்குள் கம்பிகளை இணைக்கும் இரண்டு பொருள்களுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் பேச்சில், பல கம்பிகளை ஒன்றுசேர்க்கும் உலோகப் பட்டையான பஸ்பாருக்கு இதுவரை மின்சட்டம், செப்புப்பட்டை, மின்பாட்டை என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. கம்பிகளைத் தனித்தனி இடங்களில் திருகிப் பொருத்தும் டெர்மினல் பிளாக்குக்கு இணைப்பான், முனையத் தொகுதி என இரண்டு. இரண்டு பொருளையும் தனித்தனியே எடுத்துப் பேசுவதால்தான் முடிச்சு அவிழவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மின்பகிர்வுப் பெட்டிக்குள் இவை அருகருகே இருக்கின்றன. பார்வைக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான்: வரிசையாகத் திருகுகள், ஒவ்வொன்றின் கீழும் கம்பி நுழைய ஒரு துளை. செய்கிற வேலையோ நேர் எதிர். பஸ்பாரில் பத்துத் துளை இருந்தால் பத்தும் ஒன்றே. எதில் செருகினாலும் கம்பி மற்ற ஒன்பதோடும் சேர்ந்துவிடும். டெர்மினல் பிளாக்கில் பத்து இடமும் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் நடுவே காப்புச் சுவர் நிற்கிறது. நாம் வைக்கும் பெயரைக் கேட்டதுமே இது தெரிய வேண்டும்.

நான் பட்ட பாட்டால் சொல்கிறேன். பயிற்சி மாணவர்களுக்கு வயரிங் குறிப்பு எழுதியபோது இரண்டையும் "இணைப்பான்" என்றே எழுதியிருந்தேன். பயிற்சிப் பெட்டியில் இரண்டு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி), ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நியூட்ரல் பஸ்பார், அதாவது மின்னோட்டம் திரும்பும் கம்பிகள் சேரும் பட்டை. "நியூட்ரல் கம்பியை இணைப்பானில் பொருத்துக" என்ற வரியைப் படித்த மாணவர், முந்தின நாள் பார்த்த டெர்மினல் பிளாக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, காலியாக இருந்த ஒரு துளையில் கம்பியைச் செருகித் திருகை இறுக்கிவிட்டார். அந்தத் துளை அடுத்த ஆர்.சி.சி.பி.க்கு உரிய பஸ்பாரில் இருந்தது. விளக்கைப் போட்டதும் ட்ரிப் ஆனது. போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருப்பது அந்தக் கருவியின் வேலை. 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே துண்டித்துவிடும். மின்னோட்டம் ஒரு ஆர்.சி.சி.பி.யின் பேஸ் வழியாகப் போய், மற்ற ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரல் வழியாகத் திரும்பினால் கணக்கு எப்படி ஒக்கும்? எங்கோ மின்கசிவு என்று நினைத்து, ஒவ்வொரு கம்பியின் காப்புத்தடையையும் அளந்தே அரை நாள் போயிற்று. குறை நான் எழுதிய சொல்லில் இருந்தது. அதனால் "இணைப்பான்" வேண்டவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி பஸ்பார். "எல்லாருக்கும்" என்று பொருள்படும் "ஆம்னிபஸ்" என்ற இலத்தீன் சொல்லின் வால்தான் இந்த "பஸ்". அங்கே அது வேற்றுமை விகுதியின் ஒரு துண்டு. நம் நான்காம் வேற்றுமை உருபு "கு" போல. ஊர்தியான பஸ்ஸும் இதே மூலத்திலிருந்து வந்ததுதான். ஆகவே "பஸ்"ஸை மட்டும் பிடித்துக்கொண்டு தமிழாக்கினால் ஒன்றும் கிடைக்காது. "எல்லாருக்கும்" என்பதைப் பிடித்தால் "பொது" தானாக வருகிறது. உலோக வேலை செய்கிறவர்கள் உருண்டையாக இருப்பதைக் கம்பி என்றும், தட்டையாக இருப்பதைப் பட்டை என்றும் சொல்கிறார்கள். ஆகப் பொதுப்பட்டை.

மின்சட்டம் என்றால் பாதிப்பேர் மின்சாரம் பற்றிய அரசுச் சட்டம் என்றே படிப்பார்கள். சட்டகம் என்ற பொருளில் எடுத்தாலும், சட்டம் பாரம் தாங்குவது. இந்தப் பட்டையைத்தான் காப்புத் தாங்கிகள் தாங்கிப் பிடித்திருக்கின்றன. பாட்டை கணினித் துறையில் புழங்குகிற சொல், அங்கேயே இருக்கட்டும். செப்பைப் பெயருக்குள் கொண்டுவருவதும் சரியில்லை. அலுமினியத்திலும் பஸ்பார் உண்டு. அதன் மின்கடத்துதிறன் செம்பில் ஏறக்குறைய 61 விழுக்காடு. அதே மின்தடைக்குக் குறுக்குப் பரப்பு 1.6 மடங்கு வேண்டும், அப்படியும் எடை பாதிதான். சிறிய பெட்டிகளில் நியூட்ரலுக்கு வருவது பெரும்பாலும் பித்தளை. பித்தளையைக் காட்டிச் செப்புப்பட்டை என்று எப்படிச் சொல்வது?

துணைமின் நிலையங்களில் பஸ்பார் குழாயாகவும் முறுக்குக் கம்பியாகவும் இருக்கிறதே, அங்கே "பட்டை" பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. எல்லா வடிவத்துக்கும் சேர்த்துப் பொதுக்கடத்தி என்றும், பெட்டிக்குள் தட்டையாக இருப்பதைப் பொதுப்பட்டை என்றும் வைத்துக்கொள்ளலாம். எம்.சி.பி.களின் (மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சிறு சுவிட்சுகளின்) கீழ்வாயில் வரிசையாகப் பற்கள் நுழையும் வகைக்குச் சீப்புப்பட்டை என்றாலே போதும், பார்த்தவுடன் புரிந்துவிடும்.

டெர்மினலுக்கு முனையம் வேண்டாம், முனையே போதும். மின்கலத்தில் நேர்முனை, எதிர்முனை என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். "தொகுதி" என்ற சொல்லில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்ட தோற்றம் இருக்கிறது. "வரிசை"யில் அது இல்லை. வரிசையில் நிற்பவர்கள் தோளோடு தோள் உரசி நின்றாலும் அவரவர் தனி ஆள். எனவே முனைவரிசை, அதில் ஒன்றைக் குறிக்க வெறும் "முனை".

"முனை"க்காக நான் இவ்வளவு வாதாட இன்னொரு காரணமும் உண்டு. பெட்டிகளில் சூடு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கிளம்புகிறது. 25 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிப்புள்ள செப்புப் பட்டையில் 100 ஆம்பியர் ஓடினால் ஒரு மீட்டர் நீளத்துக்கும் சேர்த்து எழும் வெப்பம் சுமார் 1.4 வாட். தளர்ந்த ஒரு திருகடியில் ஒரே ஒரு மில்லி ஓம் தடை இருந்தாலோ, அந்தப் புள்ளியில் மட்டும் 10 வாட். "முனையை இறுக்கினாயா?" என்று ஒரே மூச்சில் கேட்க முடிகிற சொல் வேண்டும்.

அடுத்தடுத்த முனைகளைச் சேர்க்கச் செருகும் சிறு தகட்டுக்குத்தான் இன்னும் பெயர் அமையவில்லை. இப்போதைக்குப் பாலத்தகடு என்று எழுதிவருகிறேன்: "முனைவரிசையில் 3, 4, 5ஆம் முனைகளைப் பாலத்தகட்டால் சேர்த்தால் அந்த மூன்றும் பொதுவாகிவிடும்." இதைவிடச் சிறிய சொல் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், குறிப்பைத் திருத்திக்கொள்கிறேன்.