சாமி பயம் இல்லாம குழந்தைக்கு நல்லது கெட்டது எப்படி சொல்லித் தர்றது?

பெரம்பூர் அம்மா: எங்க ரெண்டு பேருக்கும் நம்பிக்கை போயி ரொம்ப வருஷமாச்சு, ஆனா ஏழு வயசு பொண்ணு "பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்னு பாட்டி சொல்றாங்க, நிஜமாம்மா?"ன்னு கேக்குறா, என்ன சொல்றதுன்னே தெரியல.

வேளச்சேரி: நீ பொய் சொன்னா யாருக்கு வலிக்கும்னு கேளுங்க, அவளே சொல்லுவா. 2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க தெருவுக்கு மீனவருங்க படகு கொண்டாந்து ஆளுங்கள ஏத்துனாங்க, யாரும் மதம் கேக்கல, அதுலேர்ந்து நானும் மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் குடுக்குறேன், எனக்கு வாழ்றதுக்கு அர்த்தம்னா அந்த மாதிரி விஷயந்தான்.

அயனாவரம்: 1967ல சுயமரியாதை கல்யாணத்துக்கு சட்டம் வந்தப்புறம் அப்படிக் கட்டிக்கிட்டவங்கதான் எங்கப்பாம்மா. வீட்ல சாமி படமே கிடையாது. ஆனா வேலைக்கு வர்ற அக்காவுக்கு யாராவது தனி டம்ளர் வச்சா அப்பா சாப்பாட்ட விட்டு எந்திரிச்சுடுவாரு, நான் அதப் பாத்துதாங்க கத்துக்கிட்டேன்.

பெரம்பூர் அம்மா: ரொம்ப நன்றிங்க. இன்னிக்கு நைட்டே கேட்டுப் பாக்குறேன், அத்தைகிட்டயும் பக்குவமா பேசணும்.