இரண்டாவது சந்திப்புக்கு யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வயது 31, மதுரைக்காரன், சென்னையில் வேலை. வீட்டில் பார்த்த வரன்தான். ஜாதகம் பொருந்திவிட்டது, நாங்கள் பேசிப் பார்த்துச் சொல்கிறோம் என்று பெரியவர்களிடம் அவகாசம் வாங்கியிருக்கிறோம்.

முதல் சந்திப்பு மயிலாப்பூரில், காபி குடித்தபடி. புதுச் சட்டையின் காலர் அட்டையை எடுத்தவன், உள்ளே குத்தியிருந்த குண்டூசியை மறந்துவிட்டேன். கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் சுருக்கென்றது. நான் முகம் சுளித்ததைப் பார்த்து, தன் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் நினைத்தாராம். பதற்றத்தில் நானும் வேலைக்கு ஆள் எடுப்பவன் போலக் கேள்விகளாகக் கேட்டுத் தொலைத்தேன். ஆனாலும் மறுபடி பார்க்கலாம் என்று அவரே செய்தி அனுப்பியிருக்கிறார்!

வரும் ஞாயிறு எங்கே போகலாம்? பெசன்ட் நகர் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம் வரை நடக்கலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேச்சே காதில் விழாது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்த்தபடி பேசலாம். ஆனால் மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள்.

மல்லிகைப்பூ வாங்கிப் போகலாமா, அல்லது இரண்டாம் சந்திப்பிலேயே அது அதிகப்படியா? இன்னொன்று: போன முறை பில்லை நான் கொடுத்தேன். அன்றிரவே தன் பங்கு 85 ரூபாயை எனக்கு அனுப்பிவிட்டார். இது கோபமா, வெறும் கணக்கா?

பெண்கள் பதில் சொன்னால் நல்லது. ‘இயல்பாக இருங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். போன முறை அப்படித்தான் இருந்தேன்.