மறுமொழி: 'கின்-ஸ்டேட்'டுக்குத் தமிழ்ச்சொல்

> 'தாய்நாடு' என்றே போடுங்கள். எல்லாருக்கும் புரியும்.

ஐயா, 'கின்-ஸ்டேட்' என்பது வேறொரு நாட்டில் சிறுபான்மையாக வாழும் தன் இனத்தவரோடு உறவு கொண்டாடும் அரசு. நம் எம்.ஏ. பாடத்துக்குத் 'தாய்நாடு' பொருந்தவே பொருந்தாது. ஸ்லோவாக்கியாவின் தெற்கில் வாழும் ஹங்கேரியர்கள் எங்கிருந்தும் கிளம்பி வந்தவர்கள் இல்லை. முதல் உலகப்போருக்குப் பின் எல்லைதான் நகர்ந்தது, 1920இல் திரியனோன் உடன்படிக்கை அதை உறுதி செய்தது. பிறந்து வளர்ந்த ஊர் அவர்களுக்குத் தாய்நாடு என்றால் புடாபெஸ்டில் இருக்கும் ஹங்கேரி அரசுக்கு என்ன பெயர்? அதைத்தான் கேட்கிறேன். அந்த மக்களைப் 'புலம்பெயர்ந்தோர்' என்பதும் இதனாலேயே பொருந்தாது.

> கிளை என்றாலே சுற்றம். கிளைஞர், கிளைநாடு.

அக்கா, உறவினரைக் குறிக்கும் கிளைஞர் எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் 'கிளைநாடு' என்று படிக்கும் எம்.ஏ. மாணவர், வங்கிக் கிளை மாதிரி, பெரிய நாட்டிலிருந்து பிரிந்த சின்ன நாடு என்றுதான் எடுத்துக்கொள்வார், பொருள் அப்படியே தலைகீழாகிவிடும். 'சுற்றநாடு' என்றால் அண்டை நாடு. 'உறவுநாடு' என்றால் நட்பு நாடு. 'இனவுறவு நாடு' கொஞ்சம் நீளம், ஆனாலும் தடுமாற்றம் இல்லை.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், உறவு என்ற சொல்லை வைத்துத்தான் இந்த அரசுகள் காய் நகர்த்துகின்றன. 2010 மே மாதம் ஹங்கேரி தன் நாட்டுக்கு வெளியே வாழும் ஹங்கேரியர்களுக்கு எளிதாகக் குடியுரிமை தரச் சட்டம் போட்டது. அதே மாதம் ஸ்லோவாக்கியா, வேறு குடியுரிமையை விரும்பிப் பெற்றால் நம்முடையது போய்விடும் என்று பதில் சட்டம் போட்டது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அந்த மக்கள்தான். 2014 ஹங்கேரித் தேர்தலில் வெளியிலிருந்து வந்த அஞ்சல் வாக்குகளில் சுமார் 95 விழுக்காடு அப்போதைய பிரதமர் ஓர்பானின் கட்சிக்கு விழுந்தது. ரஷ்யாவும் ஜார்ஜியாவின் பிரிவினைப் பகுதியான தெற்கு ஒசேத்தியாவில் கடவுச்சீட்டுகளை வாரி வழங்கிவிட்டு, 2008இல் 'எங்கள் குடிமக்களைக் காக்கிறோம்' என்று ஜார்ஜியாவுக்குள் படையை அனுப்பியது. 'தாய்நாடு' என்று எழுதினால் இந்தக் கணக்கையெல்லாம் பாசமாக்கி மாணவர் கையில் கொடுத்துவிடுவோம்.

வெள்ளிக்கிழமை கோப்பு அச்சகத்துக்குப் போகவேண்டும். மறுப்பு இருந்தால் நாளைக்குள் எழுதுங்கள்.

---

மறுமொழி:

தம்பி, அவசரம் புரிகிறது, அரசுக்கு 'இனவுறவு நாடு' என்றே போட்டுக்கொள். ஆனால் அந்த மக்களை 'இனவுறவுச் சிறுபான்மையினர்' என்று எழுதினால் ஒப்பமாட்டேன். அங்கே கிளைஞர்தான் வேண்டும், வங்கிக் குழப்பம் அதற்கு வராது. 'இனவுறவு' என்ற சொற்புணர்ச்சி (இனம் + உறவு) பற்றித் தனியாக எழுதுகிறேன்.

---

மறுமொழி:

கிளைஞர் என்றால் அகராதியைத் தேடுவார்கள் அக்கா. என் ஓட்டு இரண்டிடத்திலும் இனவுறவுக்கே.